தனியாக இருக்கும்போது நாய்கள் கவ்விக்கொண்டால்

நாய்ச் சண்டையை எப்படிப் பிரிப்பது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். இரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கிப் பின்பக்கமாக நடங்கள் என்பார்கள். நல்ல யோசனைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் காப்பகங்களில் பெரிய சண்டைகள் வருவது பெரும்பாலும் ஒரே ஆள் இருக்கிற நேரத்தில். விடிகாலையில் கூண்டு கழுவும்போது, மத்தியானம் சோறு வைக்கும்போது, பண்டிகைக்கு ஆட்கள் ஊருக்குப் போயிருக்கும்போது. அந்த இரண்டாவது ஆள் இல்லையென்றால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலில் தழும்பும் கையில் கடனுமாகக் கற்றுக்கொண்டேன். இன்னொருவர் அப்படிக் கற்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் போகும் காப்பகம் செங்கல்பட்டைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அறுபது எழுபது நாய்கள். வண்டியில் அடிபட்டவை, கண் தெரியாதவை, வீட்டில் வளர்த்துப் பிறகு நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிடப்பட்டவை. மூன்று தகரக் கொட்டகைகள், நடுவில் ஒரு பொது முற்றம், முற்றத்திலிருந்து வாசல் கேட்டுக்குப் போக ஒரு குறுகலான சந்து. 2025 தீபாவளிக்குப் பராமரிப்பாளர் அண்ணனும் அவர் மனைவி அக்காவும் ஊருக்குப் போனார்கள். வருஷம் முழுக்க லீவு எடுக்காதவர்கள். நான் வார இறுதிகளில் போய் வேலை செய்கிறவள் என்பதால், பண்டிகை முடியும்வரை நானே அங்கே தங்கிக்கொள்வதாகச் சொன்னேன். மழைக்காலம், வெடிச்சத்தம், அடிக்கடி கரண்ட் போகிறது. நாய்கள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. சத்தத்துக்கு நடுங்கும் நாய் ஒரு பக்கம், சத்தம் வந்த திசையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய் ஒரு பக்கம்.

தெருவில் பிள்ளைகள் சரவெடி கொளுத்தினார்கள். முற்றத்தில் இருந்தவை எல்லாம் ஒரே பாய்ச்சலாகச் சந்துக்குள் ஓடி, கேட்டில் முட்டிக்கொண்டு குரைத்தன. முன்னால் டைகர், அவன் தோளோடு தோளாகச் செவலை. டைகர் லாப்ரடார் கலப்பு, வருகிறவர்கள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறவன். செவலை தெருவில் பிறந்தவள், கார் ஏறி ஒரு கால் லேசாக இழுக்கும். இரண்டும் ஒரே கொட்டகையில் வருஷக்கணக்காக இருந்தவை, ஒரே சாக்கில் படுப்பவை. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கடிக்க முடியாத ஆத்திரத்தில் டைகர் திரும்பிச் செவலையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். பகை இருந்தால்தான் சண்டை வரும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். உச்சக் கொதிப்பில் இருக்கிற நாய்க்குப் பக்கத்தில் இருப்பது எதுவோ அதன்மேல் பாயும். அது கூடவே வளர்ந்த நாயாக இருந்தாலும் சரி, சோறு போடுகிற கையாக இருந்தாலும் சரி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காப்பகத்தில் தினமும் நாலு சண்டை நடக்கும். பல்லைக் காட்டி, பெரிய சத்தம் போட்டு, எழுந்து நின்று முட்டி, சில நொடிகளில் ஆளுக்கொரு பக்கம் உதறிவிட்டுப் போய்விடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், காயம் அநேகமாக இருக்காது. இதற்கெல்லாம் நாம் நடுவே ஓடினால் நாமேதான் சண்டையைப் பெரிதாக்குவோம். பயப்பட வேண்டியது சத்தம் அடங்குகிற சண்டைக்கு. ஒரு நாய் கவ்விக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றால் அதனால் குரைக்க முடியாது, பெரும்பாலும் மூக்கால் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்கும். மற்றது வலியில் கத்தும், பிறகு அதுவும் கத்துவதை நிறுத்தும். அன்று அந்தச் சந்தில் நான் கேட்டது அதைத்தான். டைகரின் மூக்கிலிருந்து ஈரமான மூச்சு, செவலையின் நகங்கள் சிமெண்டில் பிறாண்டுவது. அவ்வளவுதான் சத்தம்.

நான் கத்தினேன். யாராக இருந்தாலும் கத்துவார்கள், உடம்பு அதைத்தான் முதலில் செய்யும். ஆனால் மனுஷக் குரலின் பதற்றம் மற்ற நாய்களுக்கு இன்னும் வெறியேற்றும். சண்டை போடுகிற இரண்டோடு விஷயம் முடிவதில்லை, சுற்றி நிற்பவைதான் பெரிய ஆபத்து. கீழே விழுந்த நாயின்மேல் கூட்டமாகப் பாய்வது நாய்களின் இயல்பு. மணி என்று ஒருவன், அதுவரை ஒரு வம்புக்கும் போகாதவன், பின்னாலிருந்து வந்து செவலையின் இழுக்கிற காலைப் பிடித்து இழுத்தான். இன்னும் இரண்டு மூன்று வட்டமிட்டுக் குரைத்தன. சந்து குறுகல், நான் அவற்றுக்கு நடுவே. மணி செவலையின் காலை விட்டுவிட்டு அடுத்த கவ்வுக்குப் பாய்ந்தபோது என் கெண்டைக்கால் அகப்பட்டது. அந்த நொடியில் வலிக்கவே இல்லை. யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரிதான் இருந்தது. பேண்ட் கிழிந்து செருப்புக்குள் வெதுவெதுப்பாக ரத்தம் இறங்கியபோதுதான் கடி என்று தெரிந்தது.

ஆகவே தனி ஆளுக்கு முதல் வேலை, சண்டையிடும் இரண்டைத் தொடுவது அல்ல, மற்றவற்றை அங்கிருந்து அகற்றுவது. இது நெஞ்சுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை. கண்ணெதிரே ஒரு நாயின் கழுத்து இன்னொன்றின் வாயில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு முதுகைக் காட்டி நடக்க வேண்டும். நான் நடந்தேன். நேரே சமையல் கொட்டகைக்குப் போய்ச் சோற்றுக் குண்டானை எடுத்து, தினமும் சோற்று நேரத்துக்கு அக்கா தட்டுகிற மாதிரியே கரண்டியால் தட்டினேன். டக் டக், டக் டக். வட்டமிட்டுக்கொண்டிருந்தவை அப்படியே காதை நிமிர்த்தின. மணி உட்பட எல்லாம் மூன்றாவது கொட்டகைக்கு ஓடிவந்தன, உள்ளே விட்டுக் கொக்கியைப் போட்டேன். பழக்கப்பட்ட ஒலிக்கு நாய்கள் யோசிக்காமல் வரும், எந்தக் கட்டளையையும்விட அது வேகம். உங்கள் காப்பகத்திலும் அப்படி ஒரு ஒலி இருக்கும், எது என்று பார்த்து வையுங்கள். ஒரே எச்சரிக்கை, சண்டை நடக்கிற இடத்துக்குச் சோற்றைக் கொண்டுபோகக் கூடாது. சோறே இன்னொரு சண்டைக்குக் காரணமாகிவிடும்.

திரும்பி வந்தபோது இரண்டும் அதே நிலையில். தண்ணீர் டியூபை எடுத்து மூக்கையும் முகத்தையும் பார்த்து அடித்தேன். நல்ல வேகத்தில் தண்ணீர் வந்தால் பாதிச் சண்டைகள் இதிலேயே கலைந்துவிடும் என்பது பிறகு பலமுறை கண்ணால் பார்த்தது. அன்று கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வாளி வாளியாக ஊற்றியும் டைகர் கண்ணை மூடிக்கொண்டானே தவிர வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் கயிறு. கழுத்துப் பக்கம் போகாமல், டைகரின் பின்னால் நின்று, பின்னங்கால்களுக்கு முன்னால் இடுப்பில் ஒரு சுருக்குப் போட்டு, கயிற்றின் மறுமுனையை மோட்டார் அறைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். தனி ஆளுக்கு இருக்கிற ஒரே இரண்டாவது ஆள் அந்தத் தூண்தான். தூணோ, கம்பி வேலியின் கல்லோ, மரமோ, எது அருகில் இருக்கிறதோ அதில் ஒரு நாயைக் கட்டிவிட்டால் அது பின்தொடர்ந்து வராது, நம் கை மற்ற நாய்க்குக் கிடைக்கும்.

கட்டினேனே தவிர இழுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். வாய் கவ்வியிருக்கும்போது இழுத்தால் பல் இறங்கிய இடத்திலிருந்து சதை கிழிந்துகொண்டு வரும். ஓட்டையாக இருந்த காயம் கிழிசலாகிவிடும். பின்னங்காலைத் தூக்குகிற முறையும் கவ்வாமல் மோதிக்கொண்டிருக்கிற நாய்களுக்குத்தான் சரி. கயிறு தொய்யாமல் இருந்தால் போதும். பிறகு ஒரு கோணிச்சாக்கை நனைத்து இரண்டு தலைகளையும் மூடுகிற மாதிரிப் போட்டேன். கண் மறைந்து, மூக்கில் ஈரச் சாக்கு ஒட்டி, மூச்சு முட்டும்போது நாய் பிடியை மாற்றிக்கொள்ள வாயைக் கொஞ்சம் திறக்கும். அந்த ஒரு நொடிக்குத்தான் காத்திருக்க வேண்டும். டைகர் வாயைத் திறந்ததும் கயிற்றைப் பின்னுக்கு வெட்டி இழுத்தேன், கையிலிருந்த பிளைவுட் பலகையை இரண்டுக்கும் நடுவே செருகிச் செவலையைப் பலகையாலேயே தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கூண்டில் அடைத்தேன். விடுபட்ட நாய் ஓடிப்போகும் என்று நம்பாதீர்கள். செவலை ரத்தத்தோடு திரும்பிப் பாயத்தான் பார்த்தாள்.

செய்யக் கூடாதவை என்று ஊரில் பழக்கத்தில் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். கழுத்துப் பெல்ட்டைப் பிடிக்காதீர்கள். நாய்ச் சண்டையில் கையில் கடி வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பெல்ட்டுக்குப் போன கைதான். கட்டையால் அடித்தால் அந்த வலியை எதிரே இருக்கிற நாய் கொடுத்ததாகவே நினைத்து இன்னும் இறுக்கும். மிளகாய்ப்பொடி தூவினால் அது கண்ணைப் பொசுக்கும், நம் கண்ணையும் சேர்த்து. கடைவாய்க்குள் கட்டையைச் செருகித் திருப்பிப் பிடியை விடுவிக்கும் முறை ஒன்று உண்டு. பிட்புல் வகை நாய்களைக் கையாண்டு பழகியவர்கள் செய்வார்கள், பழகாதவர்கள் கிட்டப் போக வேண்டாம். நம் தெரு நாய்கள் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பதில்லை, விட்டு விட்டு மாற்றிக் கடிக்கும். கட்டையை விட்டுவிட்டு நம் விரலைப் பிடிக்க அதற்கு ஒரு நொடி போதும்.

செவலைக்குக் கழுத்தில் நான்கு சின்ன ஓட்டைகள்தான் தெரிந்தன. நடந்தாள், தண்ணீர் குடித்தாள். சரி, தப்பித்தோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மறுநாள் கழுத்து வீங்கித் தொங்கியது. கால்நடை மருத்துவர் முடியை மழித்துப் பார்த்தபோது, கவ்விக்கொண்டு உலுக்கியதில் தோல் சதையைவிட்டுப் பிரிந்து உள்ளே பை மாதிரி ஆகியிருந்தது. நாய்க்கடியில் மேலே தெரிவது கொஞ்சம், அடியில் நசுங்கியிருப்பது அதிகம். அதனால் சண்டை முடிந்ததும் நாய் நன்றாக நின்றாலும் சில விஷயங்களைப் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால், கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததும் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பாவிட்டால், இரவு என்று பார்க்காமல் வண்டியை எடுங்கள். மூச்சு வாங்கினால், நெஞ்சிலோ வயிற்றிலோ பல் பட்டிருந்தால், சின்ன நாயைப் பெரிய நாய் உலுக்கியிருந்தால், அதேதான். உடம்பு முழுக்க முடியை விலக்கி விரலால் தடவிப் பாருங்கள். மழைக்காலத்தில் கண்ணுக்குத் தப்பிய ஒரு ஓட்டையில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். செவலைக்கு அறுவை செய்து, ரப்பர் குழாய் வைத்துச் சீழை வடியவிட்டு, பல நாள் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் செலவு மட்டும் பதினெட்டாயிரத்தை ஒட்டி வந்தது. தீபாவளி நேரம், நிர்வாகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை, என் அட்டையில்தான் தேய்த்தேன்.

என் காலுக்கு வருகிறேன். நாய்களை அடைத்ததும் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினேன். ரேபிஸ் கிருமிக்கு எதிராக நம் கையில் இருக்கிற முதல் மருந்து இந்தச் சோப்புத் தண்ணீர்தான். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இரவே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். தடுப்பூசி போட்டார்கள், ஆனால் ரத்தம் வருகிற கடிக்குக் கூடவே போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து அவர்களிடம் இல்லை. அதைப் பற்றிப் பேசாமலே தையல் போடத் தயாரானார்கள். எங்கள் கால்நடை மருத்துவர் போனில் சொன்னதால்தான் நான் வேண்டாம் என்றேன். நாய்க்கடியை உடனே தைத்து மூடக் கூடாது, தைத்தே ஆக வேண்டிய காயமென்றால்கூட முதலில் அந்த மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்திவிட்டுத்தான் தைக்க வேண்டும். மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே எல்லாம் இலவசம், மருந்தும் இருந்தது. காயத்துக்குள் ஊசி ஏற்றுவது கடியைவிட வலித்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள். முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் அதைப் போட்டாக வேண்டும், தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை காப்பது அதுதான். தடுப்பூசி, முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, நம் அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. டெட்டனஸ் ஊசியும், சீழ் பிடிக்காமல் இருக்க மாத்திரையும் உண்டு. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள், அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தது, ஆனால் சீட்டுகள் பூட்டிய ஆபீஸ் அறைக்குள் இருந்தன, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. தடுப்பூசி அட்டைகளை எல்லோரும் எடுக்கிற இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள்.

கால் வீங்கி நடக்க முடியாமல் சம்பளம் இல்லாத லீவு போட்டேன். ஆட்டோ, தனியார் பில், மாத்திரை, செவலையின் செலவு எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் தாண்டியது. பிறகு நிர்வாகத்தைக் கேட்டபோது, தொண்டு செய்ய வருகிறவர்கள் விருப்பப்பட்டு வருகிறீர்கள் என்றார்கள். பணத்தைவிட அந்தப் பேச்சுதான் என்னை அறுத்தது. மணிமேலும் கோபம் இருந்தது. நாய்மேல் கோபப்படுவது நியாயமில்லை என்று புத்திக்குத் தெரியும், ஆனால் அவன் வாலை ஆட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் கால் தானாகப் பின்னால் போனது. கடி வாங்கிய பிறகு இந்தப் பயம் எல்லோருக்கும் வரும். நாய்ப் பாசம் இருக்கிறவர்கள் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சொல்லுங்கள். பயத்தோடு கூண்டுக்குள் போகிற ஆளின் உடம்பு விறைத்திருக்கும், அது நாய்களுக்கும் தெரியும். நான் பல வாரம் கூண்டுக்குள் போகவில்லை, மருந்து எழுதுவது, வெளியே நின்று குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என்று இருந்தேன். அண்ணன் ஒரு நாள்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை, அதற்கு நான் நன்றியாக இருக்கிறேன்.

அண்ணன் திரும்பி வந்ததும் நாங்கள் முதலில் செய்தது அந்தக் குறுகலான சந்தின் அமைப்பை மாற்றியது. கேட்டிலிருந்து பத்தடி உள்ளே இன்னொரு கதவு வைத்தோம், இப்போது எந்த நாயும் வாசல் கேட்டை நெருங்க முடியாது. கேட்டில் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்துத் தெருவை மறைத்தோம். குறுகிய வழி, கேட், சோற்று இடம், படுக்கும் மேடை, இந்த நான்கில்தான் எங்கள் சண்டைகள் எல்லாம் நடந்திருக்கின்றன என்று அண்ணன் யோசித்துச் சொன்னார். சோறு இப்போது தட்டுத் தட்டாகத் தள்ளித் தள்ளி, வம்பு செய்பவற்றுக்குத் தனிக் கூண்டில். பருவத்துக்கு வந்த பெட்டை உள்ளே வந்தால் கருத்தடை முடியும்வரை அது ஆண்களின் கண்ணிலேயே படாது. புதிதாக வந்த நாயைக் கூட்டத்துக்குள் நேராக விடுவதில்லை, முதலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சில நாள், பிறகு ஒரே ஒரு சாந்தமான நாயோடு. ஒவ்வொரு கொட்டகைச் சுவரிலும் ஒரே மாதிரி ஒரு ஆணி வரிசை. நீளமான சுருக்குக் கயிறு, பழைய எவர்சில்வர் தட்டும் கரண்டியும், தடித்த சாக்கு, பிடி வைத்த பலகை. பக்கத்தில் மூடாத தொட்டியில் எப்போதும் தண்ணீரும் வாளியும். ஓடிப்போய்த் தேட வேண்டிய பொருள் சண்டை நேரத்தில் உதவாது.

டைகரையும் செவலையையும் அதற்குப் பிறகு ஒன்றாக விடவில்லை. சண்டை முடிந்து நாய் படுத்துவிட்டாலும் உடம்புக்குள் கொதிப்பு உடனே அடங்காது. சமாதானம் செய்கிறேன் என்று உடனே முகத்தோடு முகம் காட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், அது அடுத்த சண்டைக்கு நாள் குறிப்பது. நடுவே தகரம் வைத்து மறைத்தோம். அவன் காலையில் முற்றத்துக்கு, அவள் மாலையில். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்திலேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது. அதுவரை கருத்தடை விதிகளின்படி நாய் தன் தெருவுக்கே திரும்பிப் போய்விடும். காப்பகத்தில் தங்கியவை பெரும்பாலும் நோயாளிகளும் கைவிடப்பட்டவையும்தான். இனி ஒன்றையொன்று அறியாத, திடமான தெரு நாய்கள் ஒரே சுவருக்குள் வரும், அவற்றைப் பார்த்துக்கொள்ளப் புதிய ஆட்களும் வருவார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு முன்கூட்டியே போடுகிற ரேபிஸ் தடுப்பூசி பற்றித் தெரிந்திருக்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. நாய்களோடு வேலை செய்கிறவர்கள் கடிபடும் முன்பே 0, 7, பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். அதைப் போட்டிருந்தால், பிறகு கடித்தாலும் 0, 3ஆம் நாள்களில் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், அந்த இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. எங்கள் காப்பகத்தில் இப்போது இந்த மூன்று ஊசி முடிந்த சீட்டைக் காட்டாமல் யாரையும் கூண்டுப் பக்கம் விடுவதில்லை. ஊசிச் செலவை நிர்வாகமே கொடுக்கிறது. அதற்குச் சம்மதிக்க வைக்க நானும் அண்ணனும் நிறையப் பேச வேண்டியிருந்தது, என் மருத்துவமனைப் பில்களை வரிசையாக மேசைமேல் வைத்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.